துவைகல்லில் செய்த ஆயிரம் வாலா

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும். சொல்ல வந்தது பாதியில் நழுவிவிடும். பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிட்டு அப்புறம் நாக்கைக் கடித்துக்கொள்வேன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எந்த வருசம் என்றுகூட நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் குடும்பத்துக்கு ஒரே ஒரு செல்போன், அதுவும் பெரியவரின் சட்டைப்பையில். அந்த ஆடி மாதம் நான் சிரித்த சிரிப்பு மட்டும் மறக்கவில்லை. இதோ, எழுதும்போதே வயிறு குலுங்கிக் கோடு வளைகிறது பாருங்கள்.

எங்கள் வீடு சிவகாசியில். கீழே பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ், மாடியில் குடித்தனம். கம்பெனியை நடத்தியவர் என் கணவரின் அண்ணன். அவரைத்தான் பெரியவர் என்கிறேன். என் கணவர் காலமான பிறகு நானும் என் மகனும் அவருடைய நிழலில்தான் இருந்தோம். மகன் ஆர்டர் பிடிக்க ஆந்திரா, அதற்கும் வடக்கே என்று போய்விடுவான். வந்தால் அழுக்குத் துணியோடு வருவான், வெளுத்த துணியோடு போவான்.

கணவரின் அண்ணன் முன்னால் வீட்டுப் பெண்கள் வாய் திறந்து பேசக் கூடாது என்று எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம். நான் சும்மாவே கூச்சக்காரி. எனக்கு அந்த வழக்கம் போர்வை மாதிரி வசதியாக இருந்தது. சாப்பாடு தயார் என்றால் கதவுக்குப் பின்னால் நின்று சுவரிடம் சொல்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஆள் இல்லை என்றால் கரண்டியால் குண்டானைத் தட்டுவேன். அவர் வந்துவிடுவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவருக்கு என்னுடைய குரல் என்றால் கரண்டிச் சத்தம்தான்.

மருமகள் வந்தாள். காரியாபட்டிப் பக்கத்துப் பெண். மதுரையில் தங்கி கம்ப்யூட்டர் படித்தவள். இந்தக் காலத்துப் பிள்ளை ஆனதால் பெரியவரிடம் நேருக்கு நேர் பேசுவாள், அவரும் அவளைக் கோபித்துக்கொள்ள மாட்டார். சீர்வரிசையோடு ஒரு கம்ப்யூட்டரும் வந்து மாடி அறையில் உட்கார்ந்தது. கட்டினவன் ஊரூராகச் சுற்ற, இந்தப் பிள்ளைக்கு அதுதான் துணை. தோழி ஒருத்தி கொடுத்த சிடியில் இருந்து எதையோ அதற்குள் ஏற்றி வைத்திருந்தாள். சத்தத்தைப் படம் போட்டுச் செய்கிற வித்தை அது. வெள்ளைத் திரையில் சின்னச் சின்னப் பெட்டி. பெட்டிக்கு மேலே வாய், கீழே வாய். ஒன்றின் கீழ்வாயிலிருந்து இன்னொன்றின் மேல்வாய்க்கு நூல் இழுத்துவிட்டால் போதும், கம்ப்யூட்டர் பாடும், ஊதும், கிள்ளினால் குழந்தை மாதிரிக் கத்தும்.

ஒருநாள் பெரியவர் மாடிப்படியில் நின்றே கூப்பிட்டார்.

"ஏத்தா, அந்தப் பெட்டி இங்கன சும்மாதான கெடக்கு? லேபிள் செக்சன்ல ரெண்டு பொண்ணுக ஒரே கம்ப்யூட்டருக்கு மல்லுக்கட்டுதுக. அங்கன தூக்கிட்டுப் போகச் சொல்லவா?"

மருமகளின் முகம் சுருங்கிவிட்டது. அடுப்படியில் நின்றிருந்த எனக்கும் அது பிடிக்கவில்லை. மத்தியானத்தில் அந்த அறையில் இருந்து வரும் விநோதச் சத்தங்களைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அது பழகிப்போயிருந்தது.

"சும்மா கெடக்கல, பெரிய மாமா. ஆடிப் பதினெட்டுக்குத் தீவாளி ஆர்டர் குடுக்க ஏஜென்டுக வருவாகல்ல? ஆபீசுக்குள்ள வெடிச்சுக் காட்ட முடியலை, லேபிள் படத்தப் பாத்துட்டுப் போறாகன்னு வருத்தப்பட்டீகளே. அந்தச் சத்தத்த ஸ்பீக்கர்ல கேக்க வச்சுக் காட்டுறேன்."

"வெடிக்காமலேயா?"

"ஒரு பொறி இல்லாம."

பெரியவர் தாடையைத் தடவினார். "சரி. ஆடிப் பதினெட்டுக்குக் கேக்க வச்சேன்னா பெட்டி இங்கனயே இருக்கட்டும். இல்லன்னா அன்னைக்கே லேபிள் செக்சன். சரிதான?"

"சரி, மாமா" என்றாள். அவர் இறங்கியதும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அத்தே, சொல்லிட்டேன். எப்படிச் செய்றதுன்னுதான் தெரியலை."

முதலில் நிஜப் பட்டாசையே பதிவு செய்யப் பார்த்தோம். மொட்டைமாடியில் ஒற்றை வெடியை வைத்துப் பற்றவிட்டாள். காதில் மாட்டுகிற மைக் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அது பயந்துபோய் 'கர்ர்' என்று மட்டும் பதிந்து வைத்திருந்தது. தள்ளி வைத்தாலும் கர்ர். துண்டால் மூடினாலும் கர்ர். பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "தீவாளி உங்களுக்கு மட்டும் முன்னாடியே வந்துருச்சாக்கும்?" என்று கேட்டதும் வெட்கத்தோடு இறங்கிவிட்டோம்.

மறுநாள் காலையில் பின்கட்டில் துவைத்துக்கொண்டிருந்தேன். மகனின் வேட்டியை முறுக்கித் துவைகல்லில் ஓங்கி ஒரு அடி. மருமகள் பல் விளக்கிய நுரை வாயோடு ஓடி வந்தாள்.

"அத்தே, அதேதான்! இன்னொரு அடி அடிங்க!"

வேட்டி அடிக்கிறதில் என்ன அதிசயம் என்று எனக்குப் புரியவில்லை. அவள் மைக்கை நீள வயரில் இழுத்துக்கொண்டு வந்து கல்லுக்கு எதிரே கொடியில் தொங்கவிட்டாள். அவ்வளவுதான், என் கை ஓடவில்லை. மைக் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. வேட்டியைக் கல்லின்மேல் பூப்போல வைத்தேன்.

"அய்ய, தொட்டில்ல பிள்ளையக் கெடத்துற மாதிரிக் கெடத்துறீக. அடிங்க அத்தே!"

"நீ அங்கிட்டுத் திரும்பிக்க."

அவள் திரும்பிக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். சும்மா சொல்லக் கூடாது, பட்டென்று பிசிறில்லாமல் விழுந்தது. அந்த ஒரே ஒரு அடியை அவள் ஒரு பெட்டிக்குள் போட்டு வைத்தாள். அந்தப் பெட்டியைத் தொட்டால் என் வேட்டி அடி கேட்கும். நானே தொட்டுப் பார்த்தேன். பட். இன்னொரு தரம் தொட்டேன். பட். வேட்டி மாடிக்கொடியில் காய்ந்துகொண்டிருக்கிறது, அடி இங்கே கேட்கிறது! விடாமல் தொட்டுக்கொண்டே இருந்து அவளிடம் வசவு வாங்கினேன்.

ஒரு வெடி கிடைத்துவிட்டது. ஆயிரம் வாலாச் சரத்துக்கு என்ன செய்ய? இங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் பட்டாசு ஊர்க்காரிகளாக யோசித்துத் தொலைத்தோம். சரம் என்றால் எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். நடுவே திரி ஓடும், இரண்டு பக்கமும் வெடியை வைத்துப் பின்னிக்கொண்டே போக வேண்டும். ஆயிரம் வெடிக்கு ஆயிரம் வெடி. அதையே திரையிலும் செய்தோம். ஒரு அடிப்பெட்டி, அதற்குப் பிறகு கொஞ்சம் பொறுக்கிற பெட்டி, பிறகு இன்னொரு அடிப்பெட்டி, மறுபடியும் பொறுக்கிற பெட்டி என்று நூல் இழுத்து இழுத்துக் கட்டினோம். பொறுக்கிற பெட்டி என்றால், வந்த தட்டலை வாங்கிக் கொஞ்சம் நிறுத்தி வைத்து அப்புறம் கீழே விடுகிற பெட்டி. நான் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்று உற்சாகப்படுத்துவேன். திரை நிரம்பியது. நகர்த்தினால் அதற்குக் கீழேயும் நிரம்பியது. கண் பூத்துப்போய்ப் படுத்தோம். எழுந்து மறுபடி கட்டினோம். இத்தனைக்கும் ஒரு கைப்பிடிச் சரம்தான் தேறியிருந்தது. அதற்குள் ஆடி பாதி போய்விட்டது. மருமகளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு மத்தியானம் அவள் அந்த வித்தையோடு வந்த குறிப்புகளை முணுமுணுவென்று படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். கட்டிய சரம் முழுவதையும் அழித்தாள். ஒரே ஒரு அடிப்பெட்டி, ஒரே ஒரு பொறுக்கிற பெட்டி, இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாள். பொறுக்கிற பெட்டியின் கீழ்வாயிலிருந்து ஒரு நூலை அடிப்பெட்டிக்குக் கொடுத்தாள். அதே கீழ்வாயிலிருந்து இன்னொரு நூலை இழுத்து, வளைத்து, மேலே கொண்டுபோனாள். அந்தப் பெட்டியின் தலைக்கே.

நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். "ஏத்தா, வேணாம்! திரிய அது மேலயே திருப்பாத! தீ திரும்பி வந்துரும்!"

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"வரட்டும் அத்தே. அதுக்குத்தான் திருப்புறேன்."

அப்போதும் எனக்குப் பிடிபடவில்லை. அவள் பொறுமையாகச் சொன்னாள். "நம்ம திரி ஒரு தடவ எரிஞ்சா சாம்பல். அதான் நமக்கு ஆயிரத்துக்கு ஆயிரம் வேணும்னே தோணுச்சு. இந்த நூல் எரியாது அத்தே. எத்தன தடவ வேணும்னாலும் இதே வழியா ஓடலாம். தட்டுனது கீழ போயி வெடிச்சுட்டு, திரும்பி மேல வந்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி கீழ போகும். சுத்திக்கிட்டே இருக்கும்."

"யார் தட்டுறது?"

"மொதத் தடவ மட்டும் நாம. அப்புறம் அது தன்னையே தட்டிக்கிடும்."

என்னைத் தட்டச் சொன்னாள். தட்டினேன். பட், பட், பட், பட், பட். என்னுடைய ஒரு அடி வரிசை கட்டிக்கொண்டு வந்தது. கையை எடுத்துவிட்டேன், அது பாட்டுக்குப் போகிறது! முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தேன். பொறுக்கிற பெட்டியில் அவள் எண்ணைக் குறைத்தாள். பட்பட்பட்பட்பட என்று பொரிந்தது. நான் இத்தனை வருசம் துவைத்த துணியெல்லாம் ஒரே மூச்சில் வெளுக்கிற மாதிரி இருந்தது. இரண்டு பேரும் கட்டிலில் உருண்டு சிரித்தோம்.

ஆனால் ஒரே சீராக அடித்ததால் தையல் மிசின் ஓடுகிற மாதிரி இருந்தது. அதற்கும் ஒரு பெட்டி வைத்தாள். ஒவ்வொரு சுற்றுக்கும் அது வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும், இடைவெளி கூடிக் குறையும். உடனே நிஜச் சரம் மாதிரியே தடுமாறிக்கொண்டு வெடித்தது.

இனி ஆயிரத்தில் நிற்க வேண்டும். எண்ணுவதற்கு ஒரு பெட்டி, ஒன்று கூட்டுவதற்கு ஒரு பெட்டி. கூட்டின கணக்கை எண்ணுகிற பெட்டிக்கே திருப்பிக் கொடுத்தால் அடுத்த சுற்றுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்தப் பெட்டிக்கு மேலே இரண்டு வாய். அவள் அவசரத்தில் இடது வாயில் கொடுத்துவிட்டுத் தட்டினாள். ஒரு சத்தமும் இல்லை. திரை அப்படியே கல்லாய்ச் சமைந்தது. பிறகு சிவப்பு எழுத்தில் என்னவோ திட்டியது.

"செத்துப்போச்சா?" என்றேன்.

"இல்ல அத்தே, மூச்சு முட்டிருச்சு. இடது வாய்ல எது விழுந்தாலும் அப்பமே கீழ கக்கிரும். கக்குனது மறுபடி இடது வாய்ல விழுது, மறுபடி கக்குது. நடுவுல பொறுக்கிற பெட்டி இல்லையா, ஒரு நொடிக்குள்ள எம்புட்டு தடவ சுத்துச்சோ! வலது வாய்ல குடுக்கணும். வலது வாய் வாங்குனத மனசுல வச்சுக்கிட்டுப் பேசாம இருக்கும். இடது வாய்க்காரி தட்டுனாத்தான் வெளிய விடும்."

"அப்ப நான் வலது வாயி" என்றேன்.

"நீங்க ஒரு முழு வலது வாயி" என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்கு வைத்த பட்டப்பெயர் அது.

கணக்கை வலது வாய்க்கு மாற்றினாள். ஆயிரம் ஆனதும் பொறுக்கிற பெட்டியை நிறுத்தச் சொல்லி ஒரு நூல் போட்டாள். நின்றது! பிறகு அணுகுண்டு வெடி. அதே வேட்டி அடியை மெதுவாக ஓடவிட்டாள். மெதுவாக ஓடினால் சத்தம் தடித்துவிடுமாம். 'பட்' என்றது 'டமார்' என்று கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வீட்டுச் சின்ன ஸ்பீக்கரில் மெல்ல வைத்து ஒரே ஒரு தரம் கேட்டுவிட்டு, "அருமை" என்று மூடி வைத்தோம். அங்கேதான் ஏமாந்தோம்.

ஆடிப் பதினெட்டு அன்று கீழே பூஜை முடிந்து ஏஜென்டுகள் விலைப்பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண வீட்டுக்கு வருகிற மைக்செட்டை வரவழைத்திருந்தார் பெரியவர். ஆள் உயர ஸ்பீக்கர் இரண்டு. மருமகள் மேஜையில் கம்ப்யூட்டரோடு. நான் காப்பித் தட்டோடு மாடிப்படிக் கதவுக்குப் பின்னால்.

"ஆயிரம் வாலா" என்றார் பெரியவர்.

மருமகள் தட்டினாள். அய்யோ, என்ன சொல்வேன்! ஆபீஸ் ஜன்னல் அதிர்ந்தது. வாசலில் படுத்திருந்த நாய் ஓடியது. முன்வரிசையில் இருந்த மதுரை ஏஜென்ட் நாற்காலிக்குமேல் காலைத் தூக்கிக்கொண்டார். ஆயிரத்தில் கத்தரித்த மாதிரி நின்றது. கைதட்டல். பெரியவர் மீசைக்குள் சிரித்ததைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

"அடுத்து அணுகுண்டு."

"அண்ணாச்சி, அத ஒண்ணு ஒண்ணா, நல்லா எடைவெளி விட்டுப் போடச் சொல்லுங்க. அதோட கனம் தெரியணும்ல?" என்றார் மதுரை ஏஜென்ட்.

மருமகள் பொறுக்கிற பெட்டியில் பெரிய எண்ணாகப் போட்டுத் தட்டினாள். டமார். சபாஷ் என்று தலைகள் ஆடின. சத்தம் அடங்கியது. அடங்கின இடத்திலிருந்து, ராட்சசன் கொட்டாவி விடுகிற மாதிரி ஒரு குரல் எழுந்தது.

"போ...து...மா...?"

எல்லோரும் விறைத்துப்போனார்கள். டமார். "போ...து...மா...?"

எனக்கு அந்தக் குரல் தெரிந்துவிட்டது. வேறு யார், நான்தான்! அன்றைக்குக் கண்ணை மூடிக்கொண்டு அடித்துவிட்டு, முதுகு காட்டி நின்ற மருமகளிடம் நான் கேட்டிருக்கிறேன். அதுவும் சேர்ந்து பதிந்திருக்கிறது. ஆயிரம் வாலாவில் அடுத்த அடி உடனே வந்து விழுந்து என் பேச்சை வெட்டிக்கொண்டே போனதால் தெரியவில்லை. வீட்டில் மெல்ல வைத்துக் கேட்டதில் காதில் விழவில்லை, இங்கேயும் கடைசி அடிக்குப் பின்னால் வந்ததைக் கைதட்டல் மூடிவிட்டது. இங்கே இடைவெளி நீண்டதும் நான் நிதானமாகக் கேட்டு முடிக்கிறேன். அதுவும் மெதுவாக ஓடவிட்டதால் பேய்க்குரலில்!

"யார்ல அது உள்ள?" என்றார் பெரியவர்.

டமார். "போ...து...மா...?"

"போதாது அண்ணாச்சி!" என்று கத்தினார் மதுரை ஏஜென்ட். அவ்வளவுதான், ஆபீஸே உடைந்துவிட்டது. ஒவ்வொரு டமாருக்கும் குரல் கேட்க, எல்லோருமாகச் சேர்ந்து "போதாது!" என்றார்கள். ஒருத்தர் விலைப்பட்டியலால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், சிரிப்பில். மருமகள் விசைப்பலகையைத் தட்டு தட்டென்று தட்டினாள். அணுகுண்டுக்கு நிறுத்துகிற நூல் போட மறந்திருந்தாள். கடைசியில் மைக்செட்காரர் வயரைப் பிடுங்கினார்.

அமைதியானதும் பெரியவர் மருமகளைப் பார்த்தார். "யாரு குரல்?"

"நம்ம அத்தை குரல், மாமா" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். நான் தட்டைப் படியில் வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். என் வயசுக்கு அப்படி ஓடியிருக்கக் கூடாது.

ஏஜென்டுகள் போன பிறகு பெரியவர் மாடிக்கு வந்தார். பின்னால் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஆள். அதற்குப் பின்னால் அழுத முகமாக மருமகள். லேபிள் செக்சனுக்குப் போகிற வழியில் எங்களைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அறைக் கதவுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டேன்.

"அந்த எடத்துலயே வைப்பா" என்றார். ஆள் வைத்துவிட்டுப் போனான். "ஏத்தா, ஒயரச் சொருகு. அந்தக் குரல மட்டும் போடு."

"வெட்டி எடுத்துர்றேன் மாமா. தெரியாம..."

"வெட்டச் சொன்னேனா? வேகத்தச் சரி பண்ணிப் போடு. எங்க வீட்டுப் பொம்பளய ராட்சசி மாதிரிக் கேட்டுட்டு விட்டுற முடியுமா?"

மருமகள் வேகத்தைச் சரிசெய்து தட்டினாள். "போதுமா?" என்றது, என் சொந்தக் குரலில், கீச்சென்று, சின்னதாக.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவ."

அவளுக்குக் கண்ணீரோடு சிரிப்பும் வந்துவிட்டது. நூலைத் திருப்பித் தலையில் மாட்டிவிட்டாள். போதுமா? போதுமா? போதுமா? போதுமா? அறை முழுவதும் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கதவைப் பார்த்து, என்னைப் பார்த்தே, "போதும்மா, போதும்! வந்த நாள்ல இருந்து பேசாம இருந்ததுக்கு இன்னைக்கு ஒருநாளே போதும்!" என்றார்.

நான் முந்தானையைத் தேடினேன். அதற்குள் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் காது கேட்க. கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் நடுவில் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் சிரித்துக்கொண்டிருந்தோம்.

எழுந்து போகும்போது அவளிடம் சொன்னார்: "லேபிள் செக்சனுக்கு வேற பாத்துக்கிடலாம். இது இங்கனயே இருக்கட்டும். அடுத்து ராக்கெட் செஞ்சு காட்டு."

செய்தாள். அதற்கு என்னைக் குக்கர் பக்கத்தில் மைக்கோடு நிற்க வைத்தாள்.

மருமகளும் மகனும் இப்போது வெளியூரில் இருக்கிறார்கள். அவள் அடுத்த முறை வரும்போது இதை அவளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அந்த வித்தை தெரிந்தவர்கள் யாராவது படித்தால் தயவுசெய்து பார்த்துத் திருத்துங்கள். எண்ணுகிற பெட்டியில் கக்குவது இடது வாய், வைத்துக்கொள்வது வலது வாய் என்றுதான் எனக்கு ஞாபகம். நிறுத்தச் சொல்கிற நூல் பொறுக்கிற பெட்டியின் எந்த வாய்க்குப் போகும் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதை மட்டும் யாராவது கட்டாயம் பார்த்துச் சொல்லுங்கள்.